மத்கரீம் மூடிய அத்தி

மார்ச்சில் வருகிற வசந்தப் புத்தாண்டான நவ்ரூஸ் கழிந்த வாரம் தெரு முழுக்க மண்வெட்டிச் சத்தமாக இருந்தது. நவம்பரில் குளிருக்குப் பயந்து மண்ணுக்குள் படுக்க வைத்த அத்தியையும் மாதுளையையும் எல்லோரும் திறந்துகொண்டிருந்தார்கள். மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து உன் மரம் பிழைத்ததா என்று விசாரிப்பதும், பிழைத்தவன் பிழைக்காதவனுக்கு யோசனை சொல்லி வயிற்றெரிச்சலைக் கிளப்புவதுமாக ஊர் கலகலவென்று கிடந்தது. மஸ்தூராவின் தோட்டத்தில் மட்டும் மண்மேடு நவம்பரில் இருந்தபடியே இருந்தது.

ஓர் ஆள் காலை நீட்டிப் படுத்தால் எவ்வளவோ, அதைப் போல இரண்டு மடங்கு நீளமான மேடு. மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்கக் களிமண்ணைக் குழைத்து மேலே பூசியிருந்தது. அந்தப் பூச்சில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை உள்ளங்கைத் தடங்கள். வலது கைத் தடத்தில் ஆள்காட்டி விரல் மட்டும் பாதியில் நின்றுபோயிருக்கும். மீதியைப் பல வருஷத்துக்கு முன்பே பஞ்சாலை இயந்திரம் தின்றுவிட்டது. அது மத்கரீமின் கை. மத்கரீம் மஸ்தூராவின் கணவர். ஜனவரியில், கால்வாய் அடிவரை உறைந்து கிடந்த நாட்களில், செத்துப்போனார்.

எங்கள் பக்கத்தில் செத்தவர் துணி வீட்டில் தங்காது. குளிப்பாட்டியவர்களுக்குக் கொஞ்சம், உறவுக்காரர்களுக்குக் கொஞ்சம் என்று நாற்பதாம் நாளோடு எல்லாம் போய்விடும். மத்கரீமின் சட்டைகள், தொப்பி, பூட்ஸ், ஓட்டை விழுந்த கையுறை உட்பட எல்லாம் போய்விட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் மஸ்தூராதான் எடுத்துக் கொடுத்தாள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல். எல்லோரும் போன பிறகு தோட்டத்துக்கு வந்தவள் மேட்டைப் பார்த்தாள். மேலே இருந்த பனி அன்றுதான் உருகியிருந்தது. கைகள் தெரிந்தன. அவற்றில் ஒன்றில் தன் கையை வைத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு தினமும் காலையில் மாட்டைக் கறப்பதற்கு முன்னால் ஒரு தடவை வைத்துவிட்டுத்தான் மறுவேலை.

இப்போது அந்த மேட்டைத் திறக்க வேண்டும் என்று மண்வெட்டியோடு வந்து நின்றான் சபர்பாய், மத்கரீமின் தம்பி. ஒரு மதில் தள்ளித்தான் வீடு. பேச்சில் கெட்டிக்காரன் இல்லை. சந்தையில் தன் வெங்காயத்துக்குத் தானே விலை சொல்லக் கூச்சப்படுகிற ரகம்.

“அண்ணி, ஊரே தெறந்தாச்சு. மண்ணுக்குள்ள வெக்கை ஏறிடுச்சு. நீங்க உள்ள போய் டீயப் போடுங்க, கொதிக்கறதுக்குள்ள நான் தெறந்துடறேன்.”

“டீதானே, போடறேன். மண்வெட்டிய வாசல்ல வச்சுட்டு வா.”

“மரம் செத்துடும் அண்ணி.”

“சாகட்டும். மத்ததெல்லாம் பத்திரமா இருந்து அது ஒண்ணத்தான் பறிகொடுக்கப் போறேனாக்கும்.”

“சரி, நீங்க சனோபரைப் பாக்க நூக்குசுக்கு ஒரு நடை போய்ட்டு வாங்களேன். மக வீட்டுல ரெண்டு நாள் இருங்க. நீங்க வர்றதுக்குள்ள நான்…”

மஸ்தூராவுக்குச் சுரீரென்று ஏறிவிட்டது. “நான் இல்லாதப்ப தெறக்கணுமா? உங்கண்ணன் கையக் கொத்திப் போடறதுல உனக்கு என்னடா அவ்வளவு அவசரம்? உயிரோட இருந்தப்ப ஒரு நாள் வந்து இந்த மண்ணை அள்ளிப் போட்டிருக்கியா?”

இது அநியாயம். ஒவ்வொரு வருஷமும் மண் அள்ளிப் போட்டவனே சபர்பாய்தான். அவன் வாயைத் திறந்தான், ஏதோ சொல்லப் போகிறான் போல இருந்தது. பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு டீகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

மஸ்தூரா இந்த ஊர்க்காரி இல்லை. தெற்கே தெனாவில் பிறந்தவள். அங்கே அத்தி என்பது வேலியோரத்தில் யாரும் கண்டுகொள்ளாத மரம், குளிர்காலம் முழுக்க நின்றபடியே நிற்கும். பஞ்சாலை வேலைக்கு முன்னால் மத்கரீம் லாரி ஓட்டிக்கொண்டு போன இடத்தில் அவளைப் பார்த்து, பிடிவாதம் பிடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். வரும்போது அவள் அப்பா தோட்டத்து அத்தியில் ஒரு குச்சியை ஒடித்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். இங்கே பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். இந்தக் குளிருக்குக் குச்சியும் நிற்காது, கொண்டுவந்தவளும் நிற்க மாட்டாள் என்று பந்தயமே கட்டினார்கள்.

“ரெண்டையும் நான் பாத்துக்கறேன்” என்றார் மத்கரீம்.

பார்த்துக்கொண்டார். குச்சி கன்றாக இருக்கும்போதே சாய்த்துக் கட்டி, படுக்கச் சொன்னால் படுக்கிற மாதிரி வளர்த்தார். நவம்பர் வந்தால் கிளைகளைச் சேர்த்துக் கட்டி, தினம் கொஞ்சமாக வளைத்து, முழங்காலால் அழுத்திக் குழியில் கிடத்துவார். அதன்மேல் வைக்கோல், கோரைப்பாய், மண், கடைசியில் களிமண் பூச்சு. மஸ்தூராவைக் கிட்டேயே சேர்க்க மாட்டார். “நீ பழம் தின்னு, போதும்” என்பார். ஆகஸ்டில் முதல் பழத்தை அவள் தின்னும்போது எதிரே உட்கார்ந்து வாயையே பார்ப்பார். அவருக்கு அத்திப்பழம் ஆகாது. சர்க்கரையில் மணலைப் போட்டுத் தின்கிற மாதிரி இருக்கிறது என்பார். முப்பது வருஷமாக ஆகாத பழத்துக்காக ஒரு மனுஷன் முழங்காலைத் தேய்த்தான் என்றால் அதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஆண்கள் அதற்கெல்லாம் பெயர் வைத்துப் பேச மாட்டார்கள்.

போன நவம்பரில்தான் சண்டை. மழை முந்திக்கொண்டு வந்து வயலில் கிடந்த வைக்கோலெல்லாம் நனைந்து நாறிப்போனது. காய்ந்தது என்று இருந்தது தொழுவத்தில் இருந்த போர் மட்டும்தான். மாடு அப்போது சினை. மத்கரீம் தொழுவ வாசலில் வந்து நின்றார்.

“நாலு கட்டு குடு, தெற்குக்காரி.”

“நாலு புல்லுகூடத் தர மாட்டேன். உங்க மரத்துக்குப் போட்டுட்டு மாட்டுக்கு என்ன, என் தலைமயிரயா வெட்டிப் போடறது?”

“என் மரமா? யார் வீட்டுக் குச்சி அது?”

“முப்பது வருசமா அதுக்குத் தாலாட்டுப் பாடறது நீங்கதானே? அப்ப உங்க மரந்தான்.”

“ராத்திரி பனி கொட்டும்னு ரேடியோவுல சொல்றான்டி. வெறும் பாய மட்டும் போட்டா கிளையெல்லாம் கருகிடும்.”

“கருகினா கருகட்டும். கன்னுக்குட்டி செத்தா அத்திப்பழத்துலயா பால் கறப்பீங்க?”

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அன்று பொழுது சாய்ந்து கையெல்லாம் களிமண்ணோடு வீட்டுக்குள் வந்தபோது உடம்பில் வெறும் ஸ்வெட்டர்தான் இருந்தது. அங்கியைக் காணோம். பச்சைக்கோடு போட்ட பஞ்சு அங்கி. அதற்கு முந்தின குளிர்காலம் பூரா மஸ்தூரா உட்கார்ந்து, புதுப்பஞ்சை அடர்த்தியாகத் திணித்து, நெருக்கித் தையல் போட்டுத் தைத்தது. போட்டுக்கொண்டு ஆற்றில் விழுந்தாலும் குளிர் தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர்.

“அங்கி எங்க?”

“காலைல சந்தைக்குப் போனேன்ல, பஸ்ஸுல விட்டுட்டேன் போல.”

“பஸ்ஸுலயா? இந்தக் குளிர்ல மேல இருக்கற அங்கியக் கழட்டி வச்சுட்டு வர்றதுக்கு அங்க என்ன மாமியார் வீடா இருக்கு? யாருக்குக் குடுத்தீங்க? எவளுக்குக் குடுத்தீங்க?”

மத்கரீம் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். “மொத்தத்தையும் சேத்து வச்சு நவ்ரூஸுக்குத் திட்டிக்கடி. இப்ப சூப்ப ஊத்து.”

அவள் சூப்பை ஊற்றினாள், பேச்சை நிறுத்தினாள். அந்த வாரம் முழுக்க ரொட்டியை அவர் முன்னால் எடுத்து வைக்காமல் தூக்கிப் போட்டாள். அவர் பழைய பட்டாளத்துக் கோட்டைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார், அதில் காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகும். டிசம்பர் கடைசியில் இருமல் வந்தது. ஜனவரியில் படுத்தார். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பஞ்சாலைத் தூசி நுரையீரலில் எத்தனையோ வருஷமாகக் குடியிருக்கிறது, இப்போது கதவை அடைத்துவிட்டது என்றார். மஸ்தூராவுக்கு நுரையீரல் தெரியாது, அங்கி தெரியும். நெற்றியில் ஈரத்துணி வைக்கும்போதும் அதே பேச்சுதான்.

“அது மட்டும் மேல இருந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?”

“அது எங்கயும் போகல. நவ்ரூஸுக்கு வந்துடும்” என்றார் மத்கரீம், கண்ணைத் திறக்காமல். “அத்தியத் தெறந்ததும் நல்லாத் திட்டு.”

காய்ச்சல் பிதற்றல் என்று அவள் எடுத்துக்கொண்டாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு அவர் பேசியதில் தண்ணீர் என்பதைத் தவிர எதுவும் புரியவில்லை.

நாற்பதாம் நாள் துணிகளைக் கொடுக்கும்போது, குளிப்பாட்டிய கிழவர் அந்தப் பச்சைக்கோட்டு அங்கி எங்கே என்று வாயைவிட்டுக் கேட்டுவிட்டார். மஸ்தூராவுக்கு அவமானத்தில் முகம் சிவந்துவிட்டது. வந்தவர்களுக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு பீக்காஜானிடம் அடுப்படியில் போய் நின்று குமுறினாள்.

“எவன் எடுத்தானோ தெரியல அக்கா. அதைப் போத்திக்கிட்டு இப்ப எவன் சூடாக் கெடக்கானோ, அவன் அழுகிப் போகட்டும். என் வீட்டுக்காரரு இல்லாம நான் கெடக்கறேன்ல, அதே மாதிரி அவன் வேரோட அழுகிப் போகட்டும்.”

பீக்காஜான் அவள் வாயைப் பொத்தினாள். துக்க வீட்டில் சாபம் கொடுக்கக்கூடாது.

ஏப்ரல் வந்தது. எங்கள் மண் உப்பு மண். விதைப்பதற்கு முன்னால் தோட்டத்தில் கால்வாய்த் தண்ணீரை நிறுத்தி உப்பைக் கழுவினால்தான் ஒரு கேரட்டாவது தலை காட்டும். அதனால்தான் அதற்கு முன்பே மரங்களைத் திறந்துவிடுவது. தண்ணீரை நிறுத்தினால் அடியிலிருந்தும் ஈரம் ஏறும், மண்ணுக்குள் கிடக்கிற மரம் அதைத் தாங்காது. தண்ணீர் தெரு தெருவாக முறை வைத்து வரும். உன் முறையில் நீ வேண்டாம் என்றாலும் மேல் தோட்டத்துத் தண்ணீர் உன் தோட்டத்தின் வழியாகத்தான் கீழ்த் தோட்டத்துக்குப் போயாக வேண்டும்.

முறை வருவதற்கு முன்னால் சபர்பாய் மறுபடி வந்தான். இந்தத் தடவை மண்வெட்டி இல்லாமல், கையில் தொப்பியோடு.

“அண்ணி, கெஞ்சிக் கேக்கறேன். ஒரு பக்கமாவது தெறந்து விடுவோம். அண்ணன் கை இருக்கற பூச்ச அலுங்காம பெயர்த்து உள்ள கொண்டுபோய் வச்சுத் தர்றேன்.”

“பெயர்த்தா தூளாயிடும். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.”

“அப்ப ஒரு விசயம் சொல்லணும்…”

“சொல்லாத. யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. எல்லாத்தையும் குடுத்துட்டேன், போதும். இது என்னோடது.”

அவன் போய்விட்டான். அழுத்திச் சொல்லியிருக்கலாம். ஆனால் அண்ணியை மீறிப் பேசி சபர்பாய்க்குப் பழக்கமில்லை, பிற்பாடு அதை நினைத்து அவன் தன்னைத் தானே எவ்வளவு ஏசிக்கொண்டாலும் பிரயோஜனமில்லை.

மஸ்தூரா மேட்டைச் சுற்றிக் கரை கட்டினாள். மேகம் கூடினால் கைகள் கரைந்துவிடும் என்று தர்பூசணிப் பாத்திக்குப் போடுகிற பாலித்தீன் தாளை மேலே விரித்து, ஓரமெல்லாம் செங்கல் வைத்தாள். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பீக்காஜான் பார்த்துவிட்டாள்.

“அடி பாவி, தர்பூசணி சீக்கிரம் பழுக்கணும்னு போடற தாளுடி அது. உள்ள கெடக்கற உசுரு வெந்துடாதா?”

“மழை பெஞ்சா அவரு கை போயிடும் அக்கா.”

“கை போனா மரமாவது இருக்கும்ல. அது உன் அப்பன் வீட்டு மரம்டி.”

“மரத்தத் தொட்டா அவரத் தொட்ட மாதிரி இருக்குமா? இதுல கைய வச்சா இருக்கு.”

பீக்காஜான் மதிலை விட்டு நகர்ந்து உள்ளே போய்விட்டாள். அவளும் கணவனைப் பறிகொடுத்தவள்தான்.

தண்ணீர் முறை வந்த அன்று கரை நன்றாகத்தான் நின்றது. மேலே ஒரு சொட்டு ஏறவில்லை. தண்ணீர் வந்தது அடியிலிருந்து. மறுநாளும் தோட்டம் குளமாகவே நின்றது, அதற்கு மறுநாளும் வடியவில்லை. மேல் தோட்டத்துக்காரன் தாராளமாகத் திறந்துவிட்டிருந்தான். மத்தியானம் மஸ்தூரா வாசலில் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது தோட்டத்தில் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தாள். ஈரம் குடித்த மேட்டின் ஒரு பக்கம் பாலித்தீனுக்கு அடியிலேயே சரிந்து, குழைந்து, சேறாகக் கிடந்தது. தாளை இழுத்து எறிந்தாள். உள்ளேயிருந்து வேகவைத்த பாத்திரத்தைத் திறந்தது போல ஆவி முகத்தில் அடித்தது. கைகள் இல்லை. ஒன்றுகூட இல்லை. பாதி விரல் எது, முழு விரல் எது என்று தேடிச் சேற்றைத் தடவிப் பார்த்தாள். தடவத் தடவ அவள் கைத்தடம்தான் விழுந்தது.

அப்போதுதான் அவளுக்கு மரம் ஞாபகம் வந்தது. மாவு ஒட்டிய கையோடு தோண்டத் தொடங்கினாள். அவள் போட்ட சத்தத்தில் பீக்காஜானும் சபர்பாயும் ஓடிவந்தபோது மண்ணை அள்ளி அள்ளிப் பின்னால் எறிந்துகொண்டிருந்தாள். சபர்பாய் பதறி, “அண்ணி, நீங்க தள்ளுங்க, நான் எடுக்கறேன், நீங்க பாக்காதீங்க” என்று அவள் தோளைப் பிடித்தான். உதறிவிட்டாள். கோரைப்பாய் வந்தது. பாயைத் தூக்கினாள்.

பாய்க்கு அடியில் பச்சைக்கோட்டு அங்கி இருந்தது.

கிளைகளின் மேல் அதை விரித்து, இரண்டு கைகளையும் மரத்தைச் சுற்றி இழுத்து முன்னால் முடிச்சுப் போட்டிருந்தது. குளிரில் நிற்கிற பிள்ளைக்குப் பெரியவர்கள் தங்கள் அங்கியைப் போட்டுக் கட்டிவிடுவார்களே, அப்படி. மஸ்தூரா முடிச்சை அவிழ்த்தாள். பஞ்சு ஊறிக் கனத்தது. அத்தி இருட்டுக்குள்ளேயே தளிர்விட்டிருந்தது. விரல் நீளத்துக்கு வெள்ளை வெளேரென்று தளிர்கள், வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஒன்று அங்கியின் கைக்குள்ளேயே புகுந்து நீண்டிருந்தது. தொட்டதும் கூழாகிக் கையோடு வந்தது. புளித்த வாடை வீசியது.

சபர்பாய் கத்தியை எடுத்து அடிமரத்தைச் சுரண்டினான். பழுப்பு. இன்னும் கீழே சுரண்டினான், அங்கேயும் பழுப்பு. குளிரில் கருகிய அத்தி வேரிலிருந்து திரும்ப வரும், எங்கள் ஊரில் எத்தனையோ வந்திருக்கிறது. வெந்த தண்ணீரில் நின்ற வேர் வராது. பட்டை ஈரத்துணி மாதிரி உரிந்தது. அவன் கத்தியை மடக்கினான்.

“அன்னிக்கு மண்ணு போட வந்தப்பவே பாத்தேன் அண்ணி. ‘வைக்கோலக் கேட்டேன், உங்கண்ணி தரமாட்டேங்கறா, அவ சொல்றதும் நியாயந்தான்’னு சொல்லிக்கிட்டே கழட்டிப் போட்டாரு. ‘சொன்னேன்னா இப்பவே தோண்டி எடுத்துடுவா, வசந்தம் வரைக்கும் வாயத் தெறக்காத. தெறக்கறப்ப அவளே பாக்கட்டும், மரம் பசுமையா இருக்கும், திட்டவும் முடியாம சிரிக்கவும் முடியாம நிப்பா பாரு’ன்னாரு.” கத்தியைப் பைக்குள் போட்டான். “அண்ணன் போனப்பறம் எப்படிச் சொல்றது? அங்கி இல்லாமத்தான் செத்தாருன்னு நீங்க அழுதுட்டிருக்கீங்க. உங்களுக்குத் தெரியாம எடுத்துடலாம்னுதான்…”

பீக்காஜான் தலைத்துணியின் முனையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். வேரோடு அழுகிப் போகட்டும் என்று அடுப்படியில் மஸ்தூரா சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. மஸ்தூராவுக்கு அது அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும், முகம் அப்படி இருந்தது.

“அலசிக் காயப்போட்டா அங்கி தேறிடும்டி” என்றாள் பீக்காஜான் கடைசியில், எதையாவது சொல்ல வேண்டுமே என்று. “அவரோடதுன்னு ஒண்ணு உனக்கு இருக்கும்ல.”

மஸ்தூரா அங்கியை வாங்கவில்லை. எழுந்து தொழுவத்துக்குப் போனாள். பிப்ரவரியில் பிறந்த கன்று நன்றாகத் தேறிக் காதை ஆட்டிக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் மூலையில் வைக்கோல் போர் அப்படியே பாதிக்குமேல் மிச்சமிருந்தது. அந்தக் குளிர்காலத்துக்கு மாடு தின்றது போகவும் அவ்வளவு மிச்சம். புதுப்புல் வந்துவிட்டது, இனி அதை எந்த மாடும் சீண்டாது.

இரண்டு கையாலும் அள்ளக்கூடிய மட்டும் அள்ளிக்கொண்டு வந்தாள். அவிழ்ந்து கிடந்த கிளைகளைச் சேர்த்து அங்கியைத் திரும்பப் போர்த்திவிட்டு, அதன்மேல் வைக்கோலைப் போட்டாள். மறுபடி போய் அள்ளிக்கொண்டு வந்தாள். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. சபர்பாய் தடுக்கப் போனான், பீக்காஜான் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

“நாலு கட்டு என்ன, எல்லாத்தையும் எடுத்துக்குங்க” என்று மஸ்தூரா சொல்லிக்கொண்டே இருந்தாள். “நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எடுத்துக்கிட்டு, அங்கிய மாட்டிக்கிட்டு உள்ள வாங்க.”